ஊர் எவருடையது? — டார்பிஷயர்ச் சிற்றூர்கள் சில

ஆங்கில நாட்டின் வரலாற்றுச் சிறப்புடைய ஊர்களைப் பற்றி எழுதப் புகுவோர் பெரும்பாலும் பழங்கல்லையும் பழமரத்தையும் எண்ணியே எழுதுகின்றனர். இக்கோபுரம் இத்தனை நூற்றாண்டு முற்பட்டது, இம்மாளிகையில் இன்ன அரசி சிறையிருந்தாள், இப்பாலத்துக்கு வளைவுகள் இத்தனை என்று கணக்குக் காட்டி, இறுதியிற் பயணிகள் பசியாறுதற்குரிய ஒரு விடுதியின் பெயரையும் உரைத்து முடிப்பர். யான் அந்நாட்டைக் கண்ணாற் கண்டவனல்லேன். நூல்களிலும் படங்களிலுமே கண்டவன். எனினும் டார்பிஷயர் என்னும் ஜில்லாவின் சிற்றூர்களைப் பற்றிச் சில திங்களாகப் படித்து வந்ததில், அத்தகைய கணக்கு ஓர் ஊரை அளத்தற்குப் போதாது என்னும் எண்ணம் என்னுள் உறுதிப்பட்டது. ஊருக்கு ஒரு பெருமாற்றம் நேர்ந்த நாளில் அதனை முடிவு செய்தவர் யார், அம்முடிவின் சுமையைத் தோளில் ஏற்றவர் யார் என்று கேட்டாலன்றி அவ்வூரின் வரலாறு நமக்கு விளங்காது என்பதே என் கருத்து.

டார்பிஷயர் இங்கிலாந்தின் நடுப்பகுதியில் உள்ளது. அதன் வடபால் பீக் எனப்படும் மேட்டுநிலம். தென்பால் டிரெண்ட் ஆறு பாயும் சமநிலம். டெர்வெண்ட் என்னும் ஆறு வடக்கே மலைச்சாரலிற் பிறந்து, ஜில்லாவின் நடுவே ஓடி, தெற்கே டிரெண்டுடன் கலக்கின்றது. அந்நிலத்திற் பழமைக்குக் குறைவில்லை. ரெப்டன் என்னும் ஊரின் ஆலயத்தடியில், மெர்சியா நாட்டு அரசர் அடக்கம் பெற்ற நிலவறை இன்றும் இருக்கின்றது. 873ஆம் ஆண்டில் டேனியர் படை அவ்வூரிலேயே குளிர்காலத்தைக் கழித்தது. செஸ்டர்பீல்டு நகரத்து ஆலயத்தின் ஊசிக்கோபுரம் கயிறுபோல் முறுக்கி ஒருபுறம் சாய்ந்து நிற்கின்றது. பிசாசு அதன்மேல் வந்தமர்ந்தமையால் அவ்வாறாயிற்று என்பது பாட்டிமார் கதை, உலராத மரத்தாற் கட்டி அதன்மேல் ஈயத்தகட்டின் பாரத்தை ஏற்றியமையால் ஆயிற்று என்பது தச்சர் கூற்று. இவையெல்லாம் அறியத்தக்கனவே. யான் இங்கே பேச விரும்புவன இவற்றினும் சிறிய ஊர்கள்.

அவற்றுள் ஈம் என்னும் ஊரை நம்மிற் பலர் பிரசங்கங்களிற் கேட்டிருத்தல் கூடும். கொள்ளைநோய் வந்தபோது அவ்வூரார் தம்மைத் தாமே அடைத்துக்கொண்டு அயலூரைக் காத்தனர் என்பது அக்கதை. தியாகத்துக்கு எடுத்துக்காட்டு வேண்டும்போதெல்லாம் போதகர்கள் அதனை எடுத்தாளுகின்றனர். அக்கதையைக் கேட்கும்போதெல்லாம் என் நெஞ்சில் ஒரு முள் தைப்பதுண்டு. அஃது இன்னதென்று கூறுமுன், அதே ஜில்லாவிலுள்ள வேறு சில ஊர்களைப் பார்த்துவிட்டு வருதல் நலம்.

சாட்ஸ்வொர்த் என்னும் பெருமாளிகைக்கு அண்மையில் ஓர் ஊர் உண்டு. அதன் பெயர் எழுத்தில் ஏதேன் தோட்டத்தின் பெயரை முன்னே கொண்டிருப்பினும், ஊரார் அதனை என்சர் என்றே ஒலிப்பர். மாளிகையோ டெவன்ஷயர்க் கோமக்களின் குடியிருப்பு. 18ஆம் நூற்றாண்டில் நான்காம் கோமகனார் தம் மாளிகையிலிருந்து நோக்குங்கால் கண்ணிற் பட்ட வீடுகளை அகற்றுவித்தார். பின்னர் 1838 முதல் 1842 வரை ஆறாம் கோமகனார் எஞ்சிய ஊரையும் பெயர்த்து, காட்சிக்குத் தடையாகாத ஓரிடத்திற் புதிதாக அமைத்தார். அவ்வேலையில் அவருக்குத் துணைநின்றவர் அவர்தம் தோட்டத்தலைவராகிய ஜோசப் பாக்ஸ்டன்; 1851ஆம் ஆண்டு இலண்டனிற் கண்ணாடியாலும் இரும்பாலும் பளிங்கு மாளிகையை வகுத்துப் புகழ்பெற்றவர் அவரே. புதிய என்சரில் ஒரு வீடுபோல் மற்றொரு வீடில்லை. ஒன்று சுவிஸ் நாட்டுப் பாங்கு, ஒன்று இத்தாலியப் பாங்கு, ஒன்று பழைய நார்மானியப் பாங்கு. அழகிய ஊர் என்பதில் ஐயமில்லை. பழைய குடில்களைவிடப் புதிய வீடுகள் நல்லனவாகவே இருந்திருக்கும் என்பதையும் மறுக்கவில்லை.

ஆனால் அவ்வழகு எவர் கண்ணுக்காக? ஊரிலிருந்து மாளிகையைப் பார்ப்பவரின் கண்ணுக்கன்று. மாளிகையிலிருந்து புல்வெளியைப் பார்ப்பவரின் கண்ணுக்கு. பழைய ஊரில் ஒரே ஒரு வீடு மட்டும் சுற்றுச்சுவருடன் அவ்விடத்திலேயே இன்றும் நிற்கின்றது. அதிற் குடியிருந்த முதியவர் பெயர மறுத்தாராம், கோமகனாரும் விட்டுவிட்டாராம். அவ்வீட்டுக்கு நாபோத்தின் திராட்சத்தோட்டம் என்னும் பெயர் வழங்குவதாகப் படித்தபோது யான் புத்தகத்தை மூடிவிட்டுச் சிறிது நேரம் சிரித்தேன். வேதத்தைக் காதாற் கேட்டு வளர்ந்த சிற்றூர் மக்கள் தம் எசமானைக் குறைகூற வேண்டுமென்றால் வாய்திறந்து பேசவேண்டுவதில்லை. ஒரு வீட்டுக்குப் பெயரிட்டாலே போதும். கோமகனார் ஆகாபைப்போல் நடக்கவில்லை என்பதையும் சொல்லிவிடவேண்டும். இங்கே நாபோத் கல்லெறியுண்ணவில்லை, தன் சுவரினுள்ளே தன் காலத்தைக் கழித்தான். இருப்பினும் பெயர்ந்து சென்ற மற்றவர்களின் உள்ளத்தை அறிவதற்கு நமக்கு அந்த ஒரு பெயரைவிட்டால் வேறு சான்றில்லை.

டெர்வெண்ட் ஆற்றின் வழியே தெற்கே சென்றால் குரோம்போர்டு வரும். இது மாளிகையால் அகற்றப்பட்ட ஊரன்று; ஆலையால் ஆக்கப்பட்ட ஊர். பிரஸ்டன் நகரிற் பிறந்து மயிர்வினைஞராகத் தொழில் தொடங்கிய ரிச்சர்டு ஆர்க்ரைட் என்பவர் 1771ஆம் ஆண்டில் இவ்விடத்துக்கு வந்து, நீர்விசையால் நூல்நூற்கும் ஆலையை நிறுவினார். ஓர் ஓடையின் நீரும், ஈயச்சுரங்கத்தை வடிப்பதற்காக வெட்டிய வாய்க்காலின் நீரும் அவர் சக்கரங்களைச் சுழற்றின. சுரங்க நீர் வெதுவெதுப்பானதாதலின் கடுங்குளிரிலும் உறையாது. அதனால் ஆலை ஆண்டு முழுதும் நிற்காமல் ஓடிற்று. இரவும் நிற்கவில்லை, பன்னிரண்டு பன்னிரண்டு மணி நேரமாக இருமுறை வேலையாட்கள் மாறி மாறி உழைத்தனர்.

இவ்வூருக்கும் நம் கடற்கரைக்கும் உண்மையானதொரு தொடர்பு உண்டு; அதனைச் சொல்லாமற் செல்ல மனமில்லை. அந்நாளில் இங்கிலாந்தில் நூற்ற பருத்தி நூல் பாவுக்கு ஏற்ற வலிமையின்றி ஊடைக்கே பயன்பட்டது. பாவுக்குச் சணல்வகையான லினன் நூலை இட்டனர். முற்றும் பருத்தியாலான நல்ல துணி இந்தியாவினின்றே சென்றது. காலிக்கோ என்று ஆங்கிலர் அதற்கு இட்ட பெயரே கோழிக்கோட்டின் பெயர்த்திரிபு. சோழமண்டலக் கரையின் அச்சிட்ட துணியும் தீட்டிய துணியும் ஆங்கில மாதரைக் கவர்ந்தமையால், கம்பளி நெசவாளர் கிளர்ந்தெழுந்தனர். 1721ஆம் ஆண்டில் அச்சிட்ட பருத்தித்துணியை உடுப்பதையே விலக்கிச் சட்டம் பிறந்தது. ஆர்க்ரைட்டின் பொறியோ பாவுக்குரிய வலிய பருத்தி நூலைத் தந்தது. உடனே அவர் முயற்சியால் 1774ஆம் ஆண்டில் உள்நாட்டிற் செய்த பருத்தித்துணிக்கு அத்தடை நீங்கிற்று. நம்மவர் கையாற் பல தலைமுறை பழகிக் கற்ற திறத்தை ஒரு நீர்ச்சக்கரம் பெற்றுக்கொண்டது. அதன்பின் நம் தறிகளுக்கு நேர்ந்ததைப் பலர் எழுதியுள்ளனர். யான் மீண்டும் எழுதவேண்டுவதில்லை.

நம் தறிகளுக்காக இரங்குவோர் குரோம்போர்டில் இருந்தவர்களை மறந்துவிடுகின்றனர் என்பதே எனக்குக் குறை. ஆர்க்ரைட் பிள்ளைகள் மிக்க குடும்பங்களையே விரும்பி அழைத்தார். வடக்குத் தெரு என்னும் தெருவில் அவர் கட்டிய மூன்றடுக்கு வீடுகள் இன்றும் உள்ளன. மேல்தளத்தில் நீண்ட பலகணிகளின் வெளிச்சத்தில் தந்தை தறியில் அமர்ந்திருப்பார். தாயும் மக்களும் ஆலைக்குச் செல்வர். ஏழு வயதுச் சிறாரும் சென்றனர் என்பர். மணியடித்த பின் வாயில் அடைபடும். பிந்தினவருக்கு அன்றைய கூலி இல்லை. விடுதி, சந்தை, ஆலயம் எல்லாம் ஆலைமுதலாளியின் கொடையே. 1786ஆம் ஆண்டில் ஆர்க்ரைட்டுக்கு அரசர் சர் பட்டம் அளித்தார். 2001ஆம் ஆண்டில் அப்பள்ளத்தாக்கின் ஆலைகள் உலக மரபுச்செல்வங்களுள் ஒன்றாக அறிவிக்கப்பட்டன. அம்மக்களை எவரும் கட்டியிழுத்து வரவில்லை. கூலியை நாடித் தாமே வந்தனர். தாமே வந்தனர் என்பதில் எத்துணை விருப்பம், எத்துணைப் பசி என்று பிரித்தறிய என்னால் இயலவில்லை.

இவ்விரண்டுக்கும் மாறாக வர்க்ஸ்வொர்த் என்னும் சிறு நகரத்தை ஒருகணம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். அது குரோம்போர்டுக்கு இரண்டொரு மைல் தொலைவிலேயே உள்ளது. ஈயம் தோண்டுவோருக்கு அங்கே ஒரு பழைய நீதிமன்றம் உண்டு. பார்மோட் என்று பெயர். 1288ஆம் ஆண்டிலேயே அவர்தம் வழக்காறுகள் விசாரித்து எழுதப்பட்டன. அவற்றின்படி ஈயம் தேடுவான் ஒருவன் எவருடைய நிலத்திலும் புகுந்து தோண்டலாம். கல்லறைத்தோட்டம், பழத்தோட்டம், வீட்டுத்தோட்டம், பெருவழி ஆகியவற்றை மட்டும் தொடலாகாது. நிலத்துக்குடையவன் மறுத்தல் இயலாது. வழக்கு வந்தால் தீர்ப்பவர் அத்தொழிலறிந்த சான்றாளர் குழுவினரே. எட்டாம் ஹென்றியின் காலத்தில், 1513ஆம் ஆண்டு, ஈயக்கல்லை அளப்பதற்குச் செய்த வெண்கலத்தொட்டி அந்நீதிமன்றத்தில் இன்றும் இருக்கின்றது. ஏழைக்கு இவ்வுரிமையை மன்னர் அருளால் அளித்தார் என்று மயங்கவேண்டா. தோண்டியதில் மன்னருக்கும் பங்குண்டு. எனினும் பெற்ற உரிமை உரிமையே. அவ்வூர் ஆலயத்தின் சுவரிற் பதித்துள்ள ஒரு சிறு சிற்பத்தைப் படத்திற் பார்த்தேன். கையிற் குந்தாலியும் கூடையும் ஏந்திய சுரங்கத்தொழிலாளி ஒருவன். பழையோன் என்னும் பொருள்படும் பெயரால் ஊரார் அவனை வழங்குகின்றனர். அரசரும் பேராயரும் நிறைந்த ஆங்கில ஆலயங்களில் அவனைக் கண்டது எனக்குப் பெருமகிழ்ச்சி.

இனி வடக்கே திரும்புவோம். டெர்வெண்ட் ஆறு பிறக்கும் பக்கத்தில் ஆற்றின் பெயரையே தாங்கிய ஒரு சிற்றூரும், ஆஷப்டன் என்னும் மற்றோர் ஊரும் இருந்தன. இருந்தன என்றே கூறவேண்டும். அவை இன்று லேடிபவர் நீர்த்தேக்கத்தின் அடியில் உள்ளன. ஷெபீல்டு, டார்பி, நாட்டிங்காம், லெஸ்டர் என்னும் நகரங்கள் பெருகிக் குடிநீருக்குத் தவித்தமையால் 1899ஆம் ஆண்டில் ஒரு நீர்க்கழகம் அமைந்தது. மேலே இரண்டு அணைகள் முதலில் எழுந்தன. அவையும் போதாமையின் 1935ஆம் ஆண்டில் மூன்றாவது அணையின் வேலை தொடங்கிற்று. டெர்வெண்ட் ஆலயத்தில் 1943ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 17ஆம் நாள் இறுதி வழிபாடு நிகழ்ந்தது. கல்லறைத்தோட்டத்தில் துயின்றவர்களைத் தோண்டியெடுத்துப் பாம்போர்டு என்னும் ஊரில் மீண்டும் அடக்கஞ்செய்தனர். உயிரோடிருந்தவர்களுக்கு அணையின் கீழ்ப்புறத்தே வீடுகள் கட்டப்பட்டன. 1945ஆம் ஆண்டு செப்டம்பரில் மன்னர் ஆறாம் ஜார்ஜ் அணையைத் திறந்துவைத்தார். ஆலயத்தின் கோபுரத்தை மட்டும் நினைவுக்கென்று விட்டிருந்தனர். நீருக்கு மேலே அது தனித்து நின்றது. ஆபத்து என்று கருதி 1947ஆம் ஆண்டு டிசம்பரில் அதனையும் வெடிவைத்துத் தகர்த்தனர். பொதிகுதிரைகள் கடந்த பழைய கற்பாலம் ஒன்றுமட்டும் கல் கல்லாகப் பிரித்தெடுக்கப்பட்டு, ஆற்றின் மேற்பகுதியிற் பிற்காலத்தே மீண்டும் கட்டப்பட்டது.

இவ்வூரைப் பற்றி என் மனம் இருவழிப்படுகின்றது. நான்கு நகரத்து மக்களின் தாகத்துக்கு எதிரே ஒரு சில வீடுகளை வைத்து நிறுத்தால், தராசு எப்பக்கம் தாழும் என்பதில் ஐயமில்லை. யான் அந்நகரில் வாழ்பவனாயின் குழாயைத் திறந்து நீரைக் குடித்திருப்பேன். டெர்வெண்ட் ஊரை நினைத்திருக்கமாட்டேன். சாட்ஸ்வொர்த்தின் காட்சிக்காக என்சரை அகற்றியதும், தாகத்துக்காக டெர்வெண்டை மூழ்குவித்ததும் ஒன்றாகா. ஆனால் மூழ்கியவருக்கு அவ்வேறுபாடு எத்துணைத் தெளிவாக இருந்திருக்கும்? 1976, 1995, 2018, 2022 ஆகிய ஆண்டுகளில் வறட்சியால் நீர் வற்றியபோது ஊரின் அடிச்சுவர்கள் வெளிப்பட்டன. அவற்றைக் காண மக்கள் திரள் திரளாக வந்தனர். ஊர் உயிரோடிருந்த நாளில் அதனைத் தேடி இத்துணைப் பேர் வந்ததில்லை.

இப்பொழுது ஈமுக்கு வருகின்றேன். தமிழ் கற்பவன் காதில் அப்பெயர் விழும்போதே ஈமம் என்னும் சொல் நினைவுக்கு வந்து உடல் நடுங்கும். அச்சொல்லுக்கும் இதற்கும் உறவில்லை. பழைய ஆங்கிலத்தில் தீவு, அல்லது நீர்களுக்கு இடைப்பட்ட நிலம், என்னும் சொல்லினின்று பிறந்த பெயராம். அவ்வூர் பின்னொருநாள் உண்மையாகவே ஒரு தீவானது.

1665ஆம் ஆண்டு இலண்டன் மாநகரைக் கொள்ளைநோய் வாட்டியது. அந்நகரினின்று ஈமிலிருந்த தையற்காரர் ஒருவர் வீட்டுக்குத் துணிமூட்டை ஒன்று வந்தது. அதிலிருந்த தெள்ளுப்பூச்சிகளே நோயைக் கொணர்ந்தன என்பர். ஈரத்துணியை உலர்த்தப் பிரித்த ஜார்ஜ் விக்கர்ஸ் என்னும் வேலையாள் செப்டம்பரின் முதல் வாரத்தில் இறந்தான். குளிர்காலத்தில் நோய் தணிந்து, 1666ஆம் ஆண்டு கோடையில் மீண்டும் கொழுந்துவிட்டது. அப்பொழுது அவ்வூர்ப் போதகர் வில்லியம் மாம்பெசன். முப்பது வயதுக்குட்பட்ட இளைஞர், ஊருக்குப் புதியவர். அவருக்கு முன் அங்கே ஊழியஞ்செய்த தாமஸ் ஸ்டான்லி, 1662ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அரசாங்கத்தின் ஜெபப்புத்தகத்துக்கு உடன்படாமையாற் பதவியிழந்த ஏறக்குறைய 2000 போதகர்களுள் ஒருவர். அத்தகையோர் தம் பழைய சபைக்கு ஐந்து மைலுக்குள் வருதலும் குற்றம் என்று 1665ஆம் ஆண்டில் மற்றொரு சட்டமும் பிறந்திருந்தது. ஆயினும் அவர் ஊரைவிட்டு அகலவில்லை.

புதியவராகிய மாம்பெசனின் சொல்லை ஊரார் தனியே கேட்டிருப்பரோ என்பது ஐயம். அவர் ஸ்டான்லியிடம் சென்றார். இருவரும் கூடியே ஊரார்முன் மூன்று ஏற்பாடுகளை வைத்தனர். எல்லையைக் கடந்து எவரும் செல்லலாகாது. வழிபாடு ஆலயத்தினுள் நிகழாமல், வெளியே பள்ளத்தாக்கில் ஒருவர்க்கொருவர் விலகி நின்று நடத்தப்படும். அவரவர் வீட்டில் இறந்தவரை அவரவரே தம் நிலத்தில் அடக்கஞ்செய்தல் வேண்டும். திருச்சபையாற் பிரிக்கப்பட்ட இருவரைக் கொள்ளைநோய் ஒன்றுபடுத்திற்று. அவ்விருவர் வழியினரான சபையார் பின்னர்த் தனித்தனி மிஷன்களாக நம் நாட்டுக்கு வந்து, 1947ஆம் ஆண்டு தென்னிந்தியத் திருச்சபையில் ஒன்றுகூடினர் என்பதை எண்ணும்போது, ஈமின் பள்ளத்தாக்கில் நின்ற அவ்விருவரையும் யான் அயலாராகக் கருத இயலவில்லை.

எல்லைக்கல் ஒன்றில் குழிகளைத் தோண்டி அவற்றிற் காடியை நிரப்பி, அதனுள் காசை இட்டுச் செல்வர் ஈம் மக்கள். அயலூரார் அங்கே உணவை வைத்துச் செல்வர். சாட்ஸ்வொர்த்தின் பிரபுவும் உணவுக்கு உதவினார். என்சரைப் பெயர்த்த கோமக்களின் முன்னோர் அவரே. ஒரு குடும்பத்தை ஒரே சொல்லால் தூற்றவும் புகழவும் இயலாது என்பதற்கு இதுவும் சான்று. 1666ஆம் ஆண்டு நவம்பரில் நோய் ஓய்ந்தபோது ஏறக்குறைய 260 பேர் இறந்திருந்தனர். ஊரின் மக்கள்தொகை 350 என்று பழையோர் எழுதினர். பிற்கால ஆராய்ச்சியாளர் அதனை 700க்கு மேற்பட்டதாகக் கணிக்கின்றனர். மாம்பெசனின் மனைவி காதரீன் ஆகஸ்டுத் திங்களில் இறந்தார். கணவர் வேண்டியும் அவர் ஊரைவிட்டுச் செல்லவில்லை.

இவ்வளவும் பிரசங்கத்திற் கேட்பதே. கேட்காதவற்றைச் சொல்லுகின்றேன். மாம்பெசன் தம் இரு பிள்ளைகளையும் எல்லை அடைபடுமுன்னரே யார்க்ஷயருக்கு அனுப்பிவிட்டார். செல்வர் சிலரும் முன்னரே வெளியேறினர். எஞ்சியவர் தங்கினர், அவர்களுக்குப் போக இடமேது? நோய்கண்ட ஊரினின்று வருவோரை அக்காலத்தில் எவரும் தம் ஊரில் ஏற்பதில்லை. சந்தைக்குச் சென்ற ஈம் பெண்ணொருத்தியை அயலூரார் கல்லெறிந்து துரத்தினர் என்னும் செவிவழிச் செய்தியும் உண்டு. அன்றியும் நாம் இன்று கேட்கும் கதையிற் பெரும்பகுதி நிகழ்ச்சிக்குப் பல தலைமுறைக்குப் பின்னரே எழுத்தில் ஏறியது. வில்லியம் வுட் என்பார் அவ்வூர் வரலாற்றை நூலாக வெளியிட்டது 1842ஆம் ஆண்டில். ஊரார் மனமுவந்து இசைந்தனர் என்று அவர்களே எழுதிவைத்த ஏடு நமக்குக் கிடைக்கவில்லை. கிடைப்பன போதகரின் கடிதங்களும் இறந்தோர் பதிவேடும்.

அடைத்துக்கொண்டமையால் ஊரினுள் சாவு மிகுந்ததோ என்னும் வினாவும் உண்டு. 2016ஆம் ஆண்டில் அப்பதிவேட்டைக் கணக்கியல் முறையில் ஆராய்ந்தோர், நோய் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு மனிதரிடமிருந்தே மனிதருக்குப் பரவியிருத்தல் வேண்டும் என்று கண்டனர். ஆயின் எல்லையடைப்பால் அயலூர்கள் பிழைத்தன என்னும் பெருமைக்கு அது வலிமை சேர்க்கின்றது. அப்பெருமையின் விலையையும் உடன்காட்டுகின்றது.

இங்கே ஒருவர் என்னை மறித்து, ‘கொள்ளைநோய் வந்த வேளையில் வீடுவீடாகச் சென்று சம்மதம் கேட்டுக்கொண்டிருத்தல் கூடுமோ? தலைவன் ஒருவன் முடிவுசெய்யத்தானே வேண்டும்?’ எனலாம். உண்மை. மாம்பெசனை யான் பழிக்கவில்லை. பிள்ளைகளை அனுப்பிய தந்தையைப் பழிப்பதற்குத் தந்தையல்லாத எனக்குத் தகுதியுமில்லை. அவர் தாம் இட்ட எல்லைக்குள் தாமும் நின்றார். என்சரைப் பெயர்த்தவர் அவ்வூரிற் குடியிருந்தவரல்லர், குரோம்போர்டின் மணியை அடித்தவர் அம்மணிக்கு எழுந்தவரல்லர். இவ்வேறுபாடு பெரிது. எனக்குள்ள குறை அவர்மீதன்று, கதைசொல்லும் நம்மீது. நம் கதையில் ஒரு மேய்ப்பர் இருக்கின்றார், ஒரு மந்தை இருக்கின்றது, மந்தைக்குப் பெயரில்லை. 2020ஆம் ஆண்டு உலகெங்கும் நோய் பரவியபோது ஈமின் கதை மீண்டும் செய்தித்தாள்களில் ஏறி, வீட்டினுள் அடங்கியிருப்பதற்கு மேற்கோளாக நின்றது. எல்லைக்கல்லில் எவரேனும் உணவு கொணர்ந்து வைத்தமையாலன்றோ அவ்வூரார் எல்லைக்குள் இருக்கமுடிந்தது என்பதைச் சுட்டியவர் சிலரே.

ஆதலின் ஈமைப் பற்றி இனி நம் ஆலயத்திற் பேசுவோர் மாம்பெசனின் பெயரை மூன்றாவதாகச் சொல்லவேண்டும் என்பது என் விண்ணப்பம். சட்டத்தை மீறி ஊரில் நின்ற ஸ்டான்லி இரண்டாமவர். முதற்பெயர் எலிசபெத் ஹாங்காக் என்பவளுடையது. ஊருக்குப் புறத்தே ரைலி என்னும் மேட்டில் அவள் குடும்பம் வாழ்ந்தது. 1666ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 3ஆம் நாள் முதல் 10ஆம் நாளுக்குள் அவளுடைய கணவனும் ஆறு பிள்ளைகளும் இறந்தனர். அவரவர் இறந்தோரை அவரவரே அடக்கஞ்செய்தல் வேண்டும் என்னும் ஏற்பாடு எழுத்தில் ஒரு வரி. அவளுக்கோ அஃது ஏழு குழிகள். தனியொருத்தியாக அவள் மண்ணைத் தோண்டி, உடல்களைத் துணியாற் கட்டி இழுத்துச் சென்று புதைத்தாள் என்றும், எதிர்மலையில் நின்ற அயலூரார் அதனைப் பார்த்திருந்தனர் என்றும் கூறுவர். அவர்கள் அவளுக்கு உதவ வரவில்லை. வரலாகாது என்பதே ஏற்பாட்டின் பொருள். அவள் என்ன நினைத்தாள் என்பதற்கு ஒரு சொல்லும் எஞ்சவில்லை.

அம்மேட்டில் இன்று வட்டமான ஒரு சிறு சுவர் உள்ளது. அதனுள் ஏழு கல்லறைக் கற்கள் நிற்கின்றன. அவற்றில் எலிசபெத்தின் பெயர் இல்லை. நோய் ஓய்ந்தபின் அவள் தன் எஞ்சிய மகனைத் தேடி ஷெபீல்டுக்குச் சென்றுவிட்டாள்.